வண்டி ஓடும் என்று சொன்னேன்

2024 ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, காலை ஆறே முக்கால் மணி. முந்தைய மாலை பெய்த மழையின் ஈரம் மதிற்சுவரில் இன்னும் காயவில்லை. காற்று மேற்கிலிருந்து வீசியது. எர்ணாவூரில் மேற்குக் காற்று வீசும் நாளில் துவைத்த துணியை யாரும் மாடியில் உலர்த்துவதில்லை. நானும் உலர்த்தவில்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

காவல் ஆய்வாளர் செங்கொடி அவர்களே, நேராக விஷயத்துக்கு வரச் சொன்னீர்கள். காற்றின் திசையும் விஷயத்தில் அடக்கம். எண்ணெய் ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கத்துக் காற்று திரும்பிவிட்டால் எங்கள் தெருவில் எதைத் திறந்தாலும் பெட்ரோல் வாடை அடிக்கும்: அலமாரி, அரிசிப்பானை, குழந்தைகளின் புத்தகப்பை. எங்கள் மக்கள் அதற்குக் 'கம்பெனி நாத்தம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு அதைப் பற்றி யோசிப்பதையும் விட்டுவிட்டார்கள். வேறு ஊரில் ஒரு கார் எரிபொருளை ஒழுக்கினால் வீட்டாரின் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ஊரில் மூக்கை யாரும் நம்புவதில்லை.

என் பெயர் லியோனார்ட். எண்ணூரில் வாகனம் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எரிபொருள் குழாய்கள்தாம் என் பிரிவு. எங்கள் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். ஒரே ஒரு துளி கசிவைக் கண்டாலும் அந்தக் கயிற்றை இழுத்து, ஆலையின் ஓட்டம் முழுவதையும் நிறுத்த எனக்கு அதிகாரம் இருந்தது. பலமுறை நிறுத்தியிருக்கிறேன். அதற்காக மேலாளர்கள் முகம் சுளித்ததும் உண்டு.

என் மருமகன் சாவியோ ஆகஸ்ட் 26 அன்று எக்ஸ்பிரஸ் சாலையில் காரோடு எரிந்து இறந்த வழக்கு உங்களிடம் இருக்கிறது. வடிகட்டியின் இணைப்பில் எரிபொருள் கசிந்ததே காரணம் என்று தடய ஆய்வு அறிக்கை சொல்கிறது. அந்த வடிகட்டியை மாற்றியவர் டோல்கேட்டில் பட்டறை வைத்திருக்கும் உபைதுல்லா. கவனக்குறைவால் ஓர் உயிரைப் போக்கினார் என்று அவர்மீது வழக்குப் பதிந்திருக்கிறீர்கள். பட்டறை பூட்டிக்கிடக்கிறது. அவர் சிறைக்குப் போகக்கூடும்.

அந்த அறிக்கை தவறு. வடிகட்டியில் கசிவு இல்லை. கசிவு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். வண்டி எரிவதற்கு இரண்டு நாள் முன்பே நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் நீதிமன்றத்தில் சான்றாகாது என்பதையும் அறிவேன். நீதித்துறை நடுவர் முன்னிலையிலும் இதையே, இதே வரிசையில் சொல்வேன்.

கார் என்னுடையது. என் மனைவி ஹில்டா இருந்தபோது வாங்கிய பழைய சிறிய கார். அவள் இறந்த பிறகு என் மகள் ஹெப்சிபாவும் சாவியோவும் என் வீட்டிலேயே வந்து தங்கினார்கள். அதன் பிறகு காரை ஓட்டியது சாவியோதான். ராயபுரத்துப் பையன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். எல்லாவற்றுக்கும் சிரிப்பான். அன்று காலை நான் காரின் பானெட்டைத் திறந்தபோது டீக் குவளையோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"இன்னா மாமா, காலங்காத்தால ஆபரேஷனா?"

"நாற்றம் என்று நீதானே சொன்னாய்."

"நான் இன்னா சொன்னேன், ஹெப்சிதான் தலைவலிக்குதுன்னு பேஜார் பண்ணிகினு கீறா. கம்பெனி நாத்தமா, நம்ம வண்டி நாத்தமா, நீங்களே பாத்து சொல்லிடுங்க."

"பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்."

"மாமா வாயத் தொறந்தா ஜட்ஜய்யா தீர்ப்பு படிக்கிற மாதிரியே கீது" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவன்மீது எனக்குப் பகை இல்லை. இதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பதில் பலர் செய்யும் பிழை, துளி விழுந்த இடத்தைக் கசிவின் இடம் என்று கொள்வது. எரிபொருள், குழாயின் அடிப்பக்கமாக ஊர்ந்து, ஏதாவது ஒரு முடுக்கில் தொங்கி, அங்கிருந்துதான் விழும். ஆகவே முதலில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்தேன். பின் பகுதியில், உபைதுல்லா மாற்றிய வடிகட்டியின் இணைப்பைத் துடைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரை அதன்மேல் தூவினேன். ஈரம் பட்டால் பவுடர் கறுக்கும். கறுக்கவில்லை. அந்த மனிதர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். பிறகு முன்பக்கம் வந்து, எரிபொருள் செல்லும் இரும்புக் குழாயையும் அதை இயந்திரத்தோடு சேர்க்கும் அரை முழ ரப்பர் குழாயையும் துடைத்து, அங்கும் பவுடரைத் தூவினேன்.

சாவியைப் பாதி திருப்பினால் இயந்திரம் ஓடாது. ஆனால் தொட்டிக்குள் இருக்கும் பம்பு ஒரு கணம் முனகிக் குழாயில் அழுத்தத்தை ஏற்றும். அப்படிச் செய்து பார்த்தேன். கசிவு தெரியவில்லை. அவசரக்காரன் அத்துடன் எழுந்து கம்பெனி நாற்றம் என்று சொல்லியிருப்பான். நான் இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ரப்பர் சூடாகி இளகியதும், குழாயை இறுக்கும் கிளிப்புக்கு அடியில், அது வளையும் இடத்தில் பவுடர் கறுத்தது. மயிரிழை அளவு வெடிப்பு. அதிலிருந்து ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. நேர் கீழே புகைபோக்கிக் குழாய் இருந்தது. அதை மூட வேண்டிய தகடு சடசடவென்று சத்தம் போடுகிறது என்று சாவியோ முன்பே கழற்றி எறிந்திருந்தான். துளி அந்தச் சூட்டில் பட்டு ஆவியாகிப் போயிற்று. அதனால்தான் தரையில் கறை விழுவதில்லை. வாடை மட்டும் எழுகிறது.

இயந்திரத்தை நிறுத்தினேன். திருப்தியாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

டோல்கேட்டுக்குப் பேருந்தில் போய் உதிரிபாகக் கடையில் புதிய ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் வாங்கினேன். மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வாங்கினேன் என்பதைக் கவனியுங்கள். மாலையில் திரும்பி வந்து முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மகளின் அறைச் சன்னல் திறந்திருந்தது.

ஹெப்சிபா ஒரு சரக்குப் பெட்டக நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். குஜராத்தில் ஒரு துறைமுகத்தில் அவர்கள் கிளை திறந்திருந்தார்கள். அங்கே மாற்றலாகிப் போக விரும்புவோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைத் திங்கட்கிழமைக்குள் ராயபுரம் தலைமை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இதெல்லாம் சன்னல் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

"போட்டுடு ஹெப்சி. ஒரு கையெழுத்துதானே. நீ போட்டுக் குடு, திங்கக்கெழம டூட்டிக்குப் போறப்ப நானே ஆபீஸ்ல குடுத்துட்டுப் போறேன்" என்றான் சாவியோ.

"டாடிக்கு?" என்று இழுத்தாள் அவள்.

"டாடி கிட்ட நான் பேசிக்கிறேன். நீ போடு."

தூண்டுபவன் ஒருவன், தயங்குபவள் ஒருத்தி. நான் கேட்டதிலிருந்து வேறு முடிவுக்கு வர இடமில்லை. ஆலையில் எந்த முடிவையும் இரண்டு முறை சோதித்த பிறகே கையெழுத்திடுவேன். இதை ஒரு முறைதான் சோதித்தேன். அது என் குறை.

சட்டைப் பையில் இருந்த ரப்பர் குழாயை எடுத்து ஹில்டாவின் தையல் பெட்டியில் வைத்தேன். இப்போது உங்கள் மேசைமேல் இருக்கும் உறைக்குள் இருப்பது அதுதான். விலைச்சீட்டும் உடன் இருக்கிறது.

இரவு உணவின்போது சாவியோ கேட்டான்: "வண்டி இன்னா ஆச்சு மாமா?"

"கசிவு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன்."

"ஆகா! நம்ம மாமா கை வெச்சா தப்புமா? அப்போ ஓடுமா?"

"ஓடும்."

நான் பொய் சொல்பவன் அல்லன். வண்டி ஓடியது. சரிசெய்தீர்களா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். மீன்குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, கிரேன்மேல் கூடு கட்டிய காகம் ஒன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

மறுநாள் மூவரும் அதே காரில் பூசைக்குப் போய்வந்தோம். ஹெப்சிபா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டாடி, வாடை இன்னும் போகலையே" என்றாள்.

"அது கம்பெனிம்மா. மாமா நேத்தே பாத்துட்டாரு. காத்து எங்கேர்ந்து அடிக்குதுன்னு பாரு" என்றான் அவன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். காற்று மேற்கிலிருந்து வீசுகிறது என்றேன். அதுவும் உண்மை. அந்தப் பயணத்தில் ஆபத்து இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை எதிர்க்காற்று ஆவியை அடித்துச் சென்றுவிடும். ஓடாமல் நின்று, இயந்திரம் மட்டும் நெடுநேரம் சுழன்றுகொண்டிருந்தால்தான் ஆவி பானெட்டுக்குள் தேங்கும். ஹெப்சிபா உள்ளே இருந்ததால், எங்கும் நிற்க வேண்டாத தெருக்களாகப் பார்த்து வழி சொன்னேன். அவளைப் பொறுத்தவரை நான் ஒருபோதும் கவனம் தவறியதில்லை.

திங்கட்கிழமை காலை அவளும் சாவியோவோடு கிளம்பி நின்றாள். கடிதத்தைத் தன் கையாலேயே கொடுக்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்றேன். உண்மையிலேயே படபடத்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு வெந்நீர் வைக்கப் போனாள். சாவியோ கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று கேட்டான்.

"மாமா, ஹை ரோடா, எக்ஸ்பிரஸ் ரோடா?"

"ஹை ரோட்டில் தேரடிக்கு முன்னால் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்."

"எக்ஸ்பிரஸ் ரோட்ல லாரிக்காரனுங்க வரிசை கட்டிகினு நிப்பானுங்களே."

"நின்றாலும் நகரும்."

"சரி, நீங்க சொன்னா சரி. நெஞ்சுவலின்னு படுத்துகினு ஹெப்சிய ரொம்ப ஓட்டாதீங்க மாமா. அவ அழுவா."

திங்கட்கிழமை காலையில் துறைமுகத்துக்குப் போகும் பெட்டக லாரிகள் எங்கே தொடங்கி எங்கே வரை நிற்கும் என்பது இந்தப் பகுதியில் பள்ளிக் குழந்தைக்கும் தெரியும்.

என் நோக்கம் என்ன என்று கேட்டீர்கள். வண்டி வழியில் நின்றுவிடும், கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேராது, அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அத்தகைய கசிவால் வண்டி நிற்குமா என்று அடுத்துக் கேட்டீர்கள். நிற்காது. குழாயின் அழுத்தம் குறையும் அளவுக்கு அது பெரிய கசிவு அன்று. இந்த இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதை நானும் காண்கிறேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி எப்படி எரிந்தது என்பதை லாரி ஓட்டுநர்கள் சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் எரிந்தால் சாம்பல்கூட மிஞ்சுவதில்லை. வடிகட்டியை மாற்றியதற்கு உபைதுல்லா கொடுத்த பட்டறைச் சீட்டு எங்கள் வீட்டில் இருந்தது. உங்கள் நிபுணர்கள் அதைப் பார்த்துவிட்டு வடிகட்டிக்குப் போயிருக்கிறார்கள். துளி விழுந்த இடத்தைக் கசிவின் இடம் என்று கொண்டுவிட்டார்கள்.

அதன் பிறகு ஹெப்சிபா திருமணத்துக்கு முன் இருந்த தன் பழைய அறைக்கே வந்துவிட்டாள். காலையில் நான் அவளுக்குத் தேநீர் வைப்பேன். மாலையில் அவள் வரும் நேரம் பேருந்து நிறுத்தத்தில் போய் நிற்பேன். ஞாயிறுதோறும் காசிமேட்டுக் கல்லறைக்குப் போவோம். திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். வீடு ஒழுங்காக இருந்தது. உபைதுல்லாமீது புகார் எழுதிக் கொடுத்தது அவள்தான். நான் அவளைத் தூண்டவுமில்லை, தடுக்கவுமில்லை.

அவர் ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நைனா, அன்னிக்கு நீ பானெட்டத் தொறந்து வெச்சுகினு நோண்டிகினு இருந்தேன்னு எதிர் வூட்டு அம்மா சொல்லிச்சு. நீ வெவரம் தெரிஞ்ச ஆளு. என் வேல கலீஜா? உன் வாயால சொல்லு, நான் போயிடறேன்."

"உங்கள் வேலையில் குறை இல்லை" என்றேன்.

"அத டேசன்ல வந்து சொல்லு நைனா! என் பொண்ண ஸ்கூல்ல கொலகாரன் பொண்ணுன்றாங்க."

"அவர்கள் என்னைக் கேட்கவில்லை" என்றேன். அதுவும் உண்மைதான். அவர் எச்சிலைத் துப்பப்போய், ஹெப்சிபாவின் செருப்பு வாசலில் கிடப்பதைக் கண்டு விழுங்கிக்கொண்டு போனார்.

அப்படியானால் இன்று ஏன் வந்தேன் என்பது உங்கள் கேள்வி. ஒரு நிரபராதிமீது பிழையான அறிக்கை நிலைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்தேன். வேறு காரணம் இல்லை. நீங்கள் கேட்டதனால், நேற்று நடந்ததையும் சொல்கிறேன்.

நேற்று மாலை ஹெப்சிபா, குஜராத்தில் அந்த இடம் மறுபடி காலியாகியிருப்பதாகவும், தான் புதிதாகச் சம்மதக் கடிதம் எழுதப் போவதாகவும் சொன்னாள். உன்னைக் கட்டாயப்படுத்தியவன்தான் இப்போது இல்லையே, பிறகு ஏன் என்று கேட்டேன்.

"யாரு டாடி கட்டாயப்படுத்தினது?" என்றாள். "நான்தான் கேட்டேன். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கேன். வேணாம் வேணாம்னு தள்ளினது அவருதான். மாமாவத் தனியா வுட்டுட்டு எப்படிப் போறதுன்னு. இங்க வந்து தங்கலாம்னு சொன்னதும் அவருதான். அன்னிக்கு நான் அழுத அழுகையப் பாத்துட்டுதான் சரி போடுன்னாரு. எனக்கு இந்த வீட்ல மூச்சு முட்டுது டாடி."

மேற்குக் காற்றைச் சொல்கிறாள் என்று நினைத்துச் சன்னலை மூடினேன்.

ஒன்று மீதமிருக்கிறது. வண்டி எரிந்த அன்று காலை சாவியோவின் கைப்பேசியிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருப்பதை உங்கள் பட்டியல் காட்டுகிறது. என்ன சொன்னான் என்று அப்போது கேட்டீர்கள். லாரிகளுக்கு நடுவில் நிற்பதாகச் சொன்னான் என்றேன். நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை.

"மாமா, பானெட்லேர்ந்து பொகை வருது. முன்னால லாரி, பின்னால லாரி. வண்டிய அப்டியே வுட்டுட்டு எறங்கி ஓடிடட்டா?" என்று கேட்டான். குரலில் சிரிப்பு இல்லை.

மூடிய இயந்திரத்துக்குள் தீ புகைந்துகொண்டிருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, தீ திறப்பவன் முகத்தில் எழும். ஆலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் நடத்திய முதல் பாடம் அதுதான்.

"பானெட்டைத் திறந்து பார்த்துச் சொல்" என்றேன்.

"சரி மாமா" என்றான். அழைப்பைத் துண்டிக்காமல் போனான். நான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அடுக்களையில் ஹெப்சிபா எனக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மேலே சொன்னவை யாவும் என் சுயநினைவோடு சொன்னவை. ஒரு வேண்டுகோளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் என் மகள் முதன்மைச் சாட்சி. அவள் பல நாள் விசாரணைக்கு வர வேண்டியிருக்கும். ஆகவே வழக்கு முடியும்வரை அவள் இந்த ஊரை விட்டுப் போகாதபடி உத்தரவு பெற்றுத் தர வேண்டும். வழக்குகள் இங்கே எத்தனை ஆண்டு நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

பின்சேர்ப்பு. தட்டச்சுச் செய்த பக்கங்களை நான் படித்துத் திருத்திக்கொண்டிருந்தபோது, நீங்கள் அழைத்ததன் பேரில் ஹெப்சிபா நிலையத்துக்கு வந்தாள். பக்கங்களை அவளிடம் கொடுத்தீர்கள். நின்றபடியே முழுவதும் படித்தாள். அழைப்பைப் பற்றிய பக்கத்தை மட்டும் இரண்டாம் முறை படித்தாள். பிறகு உங்களிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, என் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து எழுதினாள்.

"மேடம், உபைதுல்லா பாய்மேல நான் குடுத்த புகார வாபஸ் வாங்கிக்கிறேன். குஜராத் வேலைய ஒத்துக்கிட்டேன், அந்த அட்ரஸும் இதுல இருக்கு. கோர்ட்டுல எப்பக் கூப்பிட்டாலும் ரயில் ஏறி வந்து சாட்சி சொல்லிட்டுப் போவேன். இவரப் பாக்க வர மாட்டேன்."

'டாடி' என்று சொல்லவில்லை. அடியில் கையெழுத்திட்டு, தாளை உங்கள் கையில் கொடுத்தாள். நீங்கள் எழுந்து நின்று வாங்கினீர்கள். அவள் என் பக்கம் திரும்பாமலே வெளியே போனாள்.

கையெழுத்து அவளுடையதுதான், நான் பார்த்தேன். ஆனால் என் மகள் தானாக இப்படி ஒரு முடிவை எடுப்பவள் அல்லள். இம்முறை அவளைத் தூண்டியவர் யார் என்பதைத் தாங்கள் தீர விசாரிக்க வேண்டும்.